உற்றறியும் மீசை

மீசை என்றவுடன் நம் நினைவிற்கு வருவன மிடுக்கும் வீரமும் ஆகும். மீசையை முறுக்குதல் செருக்கிற்கு அறிகுறி. மீசையில் மண் படுதல் தோல்விக்கு அறிகுறி. 'குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்னும் பழமொழியைக் கூறி, தோற்ற பின்னும் வீண்பெருமை பேசுவோரை எள்ளி நகைக்கின்றோம். மனிதனுக்கு மீசை ஓர் அணியே. வேண்டின் அதனை வளர்க்கலாம், வேண்டாவிடின் மழித்துவிடலாம். மழித்தமையால் அவன் இருளில் வழி தடுமாறுவதும் இல்லை. உண்ணும் உணவை இழப்பதும் இல்லை.

பூனையின் மீசையும் நாயின் மீசையும் அத்தகையன அல்ல. கண்ணும் காதும் மூக்கும் போல அவையும் அவ்வுயிர்கள் உலகை அறிவதற்கு உதவும் பொறிகள் ஆகும். இவ்வுண்மையை அறியாமையினால், விளையாட்டாகப் பூனையின் மீசையைக் கத்தரிக்கும் சிறுவரும், அழகு கருதி நாயின் மீசையை மழிக்கும் பெரியோரும் உளர். அதனால் தாம் இழப்பது யாது என்று வாயில்லா அவ்வுயிர்கள் நமக்கு எடுத்துரைக்க மாட்டா. ஆதலின், அவற்றின் பொருட்டு நாமே ஆராய்ந்து அறிந்துகொள்ளல் வேண்டும்.

உயிர்களை அவற்றின் அறிவு கொண்டு ஆறு வகையாகப் பகுத்த தொல்காப்பியர், உற்றறியும் அறிவையே முதலாவதாக வைத்தார். உற்றறிதலாவது, ஒரு பொருள் உடம்பில் படுதலால் அதனை அறிதல். சுவை, நாற்றம், காட்சி, கேள்வி, மனம் என்பவற்றை அதன் பின்னரே அவர் முறையாக அடுக்கினார். நாம் பெரிதும் கண்ணையே நம்பி வாழ்கின்றோம். ஆதலால், முதலறிவாகிய உற்றறிவின் பெருமையை மறந்துவிடுகின்றோம். இரவில் திடீரென்று விளக்கு அணைந்துவிட்டால் என் செய்கின்றோம்? இரு கைகளையும் முன்னே நீட்டிச் சுவரைத் தடவிக் கதவைத் தேடுகின்றோம். அப்பொழுது நம் விரல்களே நமக்குக் கண்கள் ஆகின்றன. பூனையும் நாயும் நடக்கும்பொழுது நான்கு கால்களும் உடலைத் தாங்குகின்றன. முன்னே நீட்டித் தடவுவதற்கு அவற்றிற்குக் கைகள் இல்லை. நம் விரல்கள் செய்யும் அப்பணியை அவற்றின் முகத்தில் அமைந்த மீசையே செய்கின்றது.

பூனை ஒன்றை அருகிருந்து உற்று நோக்குக. மேலுதட்டின் ஒவ்வொரு புறத்திலும் ஏறத்தாழ 12 நீண்ட மயிர்கள், 4 வரிசைகளாக அமைந்து விறைத்து நிற்பதைக் காணலாம். இவையே எல்லாரும் அறிந்த மீசை. இவையன்றிக் கண்ணுக்கு மேலே சில மயிர்களும், கன்னத்திலும் மோவாயிலும் சில மயிர்களும் உண்டு. முன்னங்கால்களின் பின்புறத்தில், பாதத்திற்குச் சற்று மேலும் இத்தகைய மயிர்கள் உள்ளன. இவற்றைப் பலர் கண்டிரார். இவை யாவும் ஒரே வகையின. முகத்தில் உள்ளவற்றை மட்டுமே மீசை என்கின்றோமாயினும், இவ்வகை முழுவதையும் 'உணர்மயிர்' என்று கூறுதல் பொருந்தும்.

நாய்க்கும் உணர்மயிர் உண்டு. மேலுதட்டின் இரு மருங்கிலும், கண்களுக்கு மேலும், கன்னங்களிலும், கீழ்த்தாடையின் அடியிலும் அவற்றைக் காணலாம். நாயின் மீசை பூனையின் மீசை போல அத்துணைப் பகட்டாகத் தோன்றுவதில்லை. சடைமயிர் நிறைந்த நாய்களில் அது மறைந்தே கிடக்கும். ஆயினும், ராஜபாளையம் நாயாயினும், சிப்பிப்பாறை நாயாயினும், தெருவில் திரியும் நாயாயினும் எல்லாவற்றிற்கும் இவ்வுறுப்பு அமைந்துள்ளது. காட்டில் வாழும் ஓநாய்க்கும் நரிக்கும் இஃது உண்டு.

இனி, உணர்மயிர் ஏனைய மயிரினின்றும் எவ்வாறு வேறுபடுகின்றது என்பதைப் பார்ப்போம். உடலைப் போர்த்துள்ள மயிரைவிட இது தடித்தது, விறைப்பானது, அடியில் பருத்து நுனியில் மெலிந்து செல்வது. இதன் வேர் ஏனைய மயிரின் வேரைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு ஆழத்தில் ஊன்றியுள்ளது. அவ்வேரைச் சுற்றிக் குருதி நிறைந்த சிறு பை ஒன்று அமைந்திருக்கின்றது. அப்பையினுள் நரம்புகளின் நுனிகள் பல வந்து முடிகின்றன. மயிரின் நுனி ஏதேனும் ஒரு பொருளில் பட்டுச் சிறிது வளைந்தால், அவ்வசைவு அடிவரை செல்கின்றது. ஆங்கே வேர் அசைந்து நரம்பு நுனிகளை அழுத்துகின்றது. நரம்புகள் அச்செய்தியை உடனே மூளைக்கு அனுப்புகின்றன.

இங்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். மயிருக்குத் தனக்கென உணர்ச்சி இல்லை. நகமும் கொம்பும் எப்பொருளால் ஆயினவோ, அப்பொருளால் ஆயதே மயிரும். பின்னர் அஃது எவ்வாறு உணர்கின்றது என்று நீங்கள் வினவலாம். கண்பார்வை அற்ற ஒருவர் கையில் கோலுடன் தெருவில் நடந்து செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அக்கோலுக்கு உணர்ச்சி உண்டா? இல்லை. ஆயினும், கோலின் நுனி கல்லில் பட்டதா, மண்ணில் பட்டதா, படியில் பட்டதா என்பதை அவர் கை நன்கு அறிகின்றது. கோலின் அசைவே கைக்குச் செய்தி ஆகின்றது. மீசை அக்கோல் போன்றது. அதன் வேரைச் சூழ்ந்த நரம்புகள் கோலைப் பற்றிய கை போன்றவை. ஒரு கோலே மனிதனுக்கு அத்துணை உதவி செய்யுமாயின், முகத்தைச் சுற்றிலும் நாற்புறமும் நீண்ட பல கோல்கள் ஒரு விலங்கிற்கு எத்துணை உதவி செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இச்செய்திகளை ஏற்றுக்கொள்ளும் மூளையின் அமைப்பு இன்னும் வியப்பிற்கு உரியது. 1970 ஆம் ஆண்டில் தாமஸ் வுல்சி, ஹென்ட்ரிக் வான் டெர் லோஸ் என்னும் அறிஞர் இருவர் சுண்டெலியின் மூளையை நுண்ணோக்கியால் ஆராய்ந்தனர். மூளையின் மேற்பரப்பில் ஒரு பகுதியில் நரம்பு அணுக்கள் பீப்பாய் போன்ற சிறுசிறு கூட்டங்களாக வரிசையாய் நிற்பதை அவர்கள் கண்டனர். எலியின் முகத்தில் மீசை மயிர்கள் எவ்வரிசையில் உள்ளனவோ, அவ்வரிசையிலேயே அப்பீப்பாய்களும் அமைந்திருந்தன. மீசை மயிர் ஒவ்வொன்றிற்கும் மூளையில் ஓர் இருப்பிடம் இருந்தது. 1973 ஆம் ஆண்டில் அவ்விருவரும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். பிறந்தவுடனே சில மீசை மயிர்களின் வேர்களைச் சிதைத்துவிட்டால், அவற்றிற்கு உரிய பீப்பாய்கள் மூளையில் உருவாவதில்லை. முகத்தில் முளைக்கும் மயிருக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு அத்துணை நெருக்கமானது.

மீசையை இழந்த விலங்கின் நிலை யாது என்பதை அதற்கு முன்பே ஆராய்ந்தவர் ஓர் அம்மையார். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த ஸ்டெல்லா வின்சென்ட் என்பவர், பல வளைவுகளும் முட்டுச் சந்துகளும் கொண்ட புதிர்வழிகளில் வெண்ணிற எலிகளை விட்டு, அவை வழி கண்டறியும் திறத்தை ஆராய்ந்து 1912 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மீசை நீக்கப்பட்ட எலிகள் மீசையுள்ள எலிகளைவிட மிகுதியாகத் தவறு செய்தன. வழியைக் கற்றுக்கொள்வதற்கும் மிகுதியாகக் காலம் எடுத்துக்கொண்டன. எலி தன் மீசையை நொடிக்குப் பன்முறை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே செல்லும் இயல்புடையது. பூனை அவ்வாறு ஓயாது ஆட்டுவதில்லை. ஆனால், வேண்டும்பொழுது மீசையை முன்னே விரிக்கவும் பின்னே மடக்கவும் அதற்கு வேண்டிய தசைகள் மேலுதட்டில் உள்ளன.

பூனை இரவில் இரை தேடும் விலங்கு. நமக்கு வேண்டிய ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இருந்தாலே அதற்குப் போதும்; அதனைக்கொண்டு அது பார்த்துவிடும். ஆயினும், அத்துணைக் கூரிய கண்ணுக்கும் ஒரு குறை உண்டு. ஏறத்தாழ ஒரு சாண் தொலைவிற்குள் உள்ள பொருளை அது தெளிவாகக் காண இயலாது. எலியைத் தொலைவில் கண்டு, பதுங்கிச் சென்று, பாய்ந்து பிடிக்கும் பூனைக்கு, அவ்வெலி வாயருகே வந்த அந்நொடியில் கண் உதவி செய்வதில்லை. வேட்டையில் மிகவும் இன்றியமையாத நொடி அதுவே அன்றோ? பிடி தவறினால் எலி தப்பிவிடும். திரும்பிக் கடித்தலும் கூடும். அந்நொடியில் பூனையின் மீசை முன்னே விரிந்து, கூடை போல இரையைச் சூழ்ந்துகொள்கின்றது. எலி எப்பக்கம் அசைகின்றது என்பதைக் கண் காட்டாது விட்டாலும் மீசை காட்டிவிடுகின்றது. கண்ணின் பணி எங்கே முடிகின்றதோ, அங்கே மீசையின் பணி தொடங்குகின்றது எனலாம்.

குறுகிய வழியில் நுழையும்பொழுதும் மீசை பூனைக்கு உதவுகின்றது. வேலியின் இடைவெளியிலோ சுவரின் துளையிலோ தலையை நீட்டியவுடன், இருபுறமும் உள்ள மயிர்கள் விளிம்பில் பட்டு வளைகின்றன. வழி எத்துணைக் குறுகியது என்பதைப் பூனை அதனால் அறிந்து, நுழைவதா திரும்புவதா என்பதைத் துணிகின்றது. கண்ணுக்கு மேலுள்ள மயிர்களோ காவலர் போன்றவை. புல்லின் நுனியோ முள்ளோ அவற்றில் பட்டவுடன் பூனை இமையை மூடிக்கொள்கின்றது. தீங்கு கண்ணை அடையும் முன்னரே இமை மூடிவிடுதலால் கண் காக்கப்படுகின்றது. நாயின் கண்ணுக்கு மேலுள்ள மயிர்களும் இப்பணியையே செய்கின்றன. புதர்களினூடே ஓடும் வேட்டைநாய்க்கு இஃது எத்துணைப் பெரிய காப்பு!

நாய் பெரிதும் மூக்கை நம்பி வாழும் விலங்கு என்பது உண்மையே. ஆனால், மோப்பம் பிடிக்க வேண்டுமாயின் மூக்கைத் தரையருகே கொண்டுசெல்ல வேண்டும். அப்பொழுது மூக்கின் நுனிக்கு அருகிலும் மோவாயின் கீழும் இருப்பதை நாயின் கண் தெளிவாகக் காண இயலாது. அங்குள்ள கல்லும் முள்ளும் முகத்தில் மோதாதவாறு முன்னரே அறிவிப்பவை உதட்டிலும் தாடையிலும் உள்ள உணர்மயிர்களே. முதுமையினாலோ நோயினாலோ கண்பார்வை மங்கிய நாய்க்கு அவை மேலும் துணையாகின்றன. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் பிறக்கும்பொழுது கண் திறவாமலே பிறக்கின்றன. பூனைக்குட்டி ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களிலும், நாய்க்குட்டி ஏறத்தாழ இரண்டு வாரத்திலும் கண் விழிக்கும். ஆனால், மீசை பிறக்கும்பொழுதே உடன் வருகின்றது. ஒளியைக் காணும் முன்னரே அவை உலகைத் தொட்டு அறியத் தொடங்கிவிடுகின்றன.

பூனையும் நாயும் ஊனுண்ணிகள் என்னும் பெரும் பிரிவைச் சேர்ந்தவை. அப்பிரிவிலேயே அடங்கும் மற்றொரு விலங்கு குளிர்கடல்களில் வாழும் கடல்நாய் ஆகும். உணர்மயிரின் ஆற்றல் எத்துணை உயரக்கூடும் என்பதற்கு அதுவே சிறந்த சான்று. ஜெர்மனி நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், கடல்நாயின் கண்ணைக் கட்டி, காதையும் அடைத்து, நீரினுள் ஒரு சிறு பொம்மைக் கப்பலை ஓடவிட்டு நிறுத்தினர். பின்னர்க் காதைத் திறந்து கடல்நாயை ஏவினர். கப்பலின் ஓசை நின்றுவிட்டது, கண்ணும் கட்டப்பட்டிருந்தது. எனினும், கப்பல் சென்ற வழியில் நீரில் எஞ்சியிருந்த சிறு சுழல்களைத் தன் மீசையினால் உணர்ந்து, 40 மீட்டர் வரை அது பின்தொடர்ந்து சென்றது. மீசையைத் துணியால் மூடியபொழுதோ வழியறியாது நின்றது. இவ்வாராய்ச்சி 2001 ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

மீசை புறவுலகைப் பூனைக்கு அறிவிப்பதோடு, பூனையின் உள்ளத்தை நமக்கும் ஓரளவு அறிவிக்கின்றது. ஏதேனும் ஒன்றை ஆர்வத்துடன் நோக்கும்பொழுது பூனையின் மீசை முன்னோக்கி விரியும். அச்சம் கொண்டபொழுது பின்னே மடங்கிக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். அமைதியாய் இருக்கும்பொழுது இருபுறமும் தளர்ந்து நிற்கும். மீசை பின்னே மடங்கிய பூனையை எடுத்து விளையாட முயல்வோர் கீறல் பெறுதல் இயல்பே. அது பூனையின் குற்றம் அன்று; குறிப்பறியாதவர் குற்றமே.

மீசையைப் பற்றி மக்களிடையே வழங்கும் சில கருத்துகள் முற்றும் உண்மை அல்ல. மீசையை வெட்டினால் பூனை நிலைதடுமாறிக் கீழே விழும் என்பர். உடலைச் சாயாமல் நிறுத்தும் உறுப்பு காதின் உட்பகுதியில் உள்ளது. அப்பணி மீசைக்கு உரியது அன்று. மீசையின் அகலமும் உடலின் அகலமும் எப்பொழுதும் ஒன்றே என்பதும் அத்தகையதே. மிகுதியாக உண்டு பருத்த பூனையின் உடல் அகலுமேயன்றி, அதற்கேற்ப மீசை நீளாது. மீசைக்கு இல்லாத பெருமையை ஏற்றிக் கூற வேண்டுவதில்லை; உள்ள பெருமையே போதியது.

மனிதனின் மீசை இவ்வகையைச் சேர்ந்தது அன்று என்பதும் ஈண்டு அறியத்தக்கது. அதன் வேரைச் சூழ்ந்து குருதிப் பை இல்லை. நம் மிகப் பழைய மூதாதையரான விலங்குகளுக்கு உணர்மயிர் இருந்தது; மனிதனுடைய மரபில் அது மறைந்துவிட்டது. உணர்மயிர் உண்டாவதற்குத் துணைபுரியும் மரபுப்பொருளின் ஒரு பகுதி சிம்பன்சிக் குரங்கிடம் இருப்பதையும், மனிதனிடம் இல்லாது போனதையும் 2011 ஆம் ஆண்டில் அறிஞர்கள் எடுத்துக்காட்டினர். தன்னிடம் இல்லாத பொறியின் அருமையைத் தானே உணர்ந்து அறிதல் மனிதனுக்கு அரிது. நாயின் முகத்தில் நாலைந்து மயிர்கள் துருத்திக்கொண்டிருப்பதாகவே அவன் கண்ணுக்குத் தோன்றுகின்றது. ஆதலினாலே, கண்காட்சிக்குக் கொண்டுசெல்லும் நாயின் முகம் வழவழப்பாகத் தோன்ற வேண்டுமென்று அவற்றை மழித்துவிடும் வழக்கம் சில இடங்களில் ஏற்பட்டது.

அவ்வழக்கம் குதிரைகளிடத்தும் இருந்தது. குதிரையின் உதடுகளிலும் கண்களைச் சுற்றியும் உணர்மயிர்கள் உண்டு. அவற்றை மழித்த குதிரைகளைத் தன் போட்டிகளில் கலந்துகொள்ள விடுவதில்லை என்று பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதி வகுத்து, 2021 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அழகைவிட உயிரின் உணர்வு பெரிது என்பதை உலகம் சிறிது சிறிதாக உணர்ந்து வருகின்றது. நம் நாட்டிலும் விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்க 1960 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. உயிர்களிடத்து இரக்கம் கொள்ளுதல் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்பது, 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நம் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது.

வெட்டிய மீசை மீண்டும் முளைக்குமே என்று சிலர் கூறக்கூடும். முளைப்பது உண்மையே. மயிரை வெட்டும்பொழுது பூனைக்கு வலிப்பதில்லை என்பதும் உண்மையே. ஆனால், அது வளர்ந்து நீள்வதற்குப் பல வாரங்கள் ஆகும். அதுவரை அப்பூனை இருளில் எவ்வாறு வழி காணும்? வாயருகே வந்த எலியை எவ்வாறு பற்றும்? பார்வையற்றவரின் கோலைப் பறித்து ஒளித்துவைத்து, சில வாரம் கழித்துத் திருப்பித் தருவோம் என்று கூறுதல் முறையாகுமா? மீசை தானாகவும் உதிர்வது உண்டு. ஆயினும், இயற்கை ஒரு மயிரை உதிர்க்கும்பொழுது ஏனையவற்றை விட்டுவைக்கின்றது, பணி தடைப்படுவதில்லை. கத்தரிக்கோலோ அனைத்தையும் ஒருசேர நீக்கிவிடுகின்றது.

மாணவர்காள்! உங்கள் வீட்டுப் பூனை அடுக்களை இருளில் ஒரு பாத்திரத்தையும் உருட்டாமல் நடந்து செல்வதை இனிக் கண்டால், அதன் முகத்தின் இருபுறமும் விரிந்து நிற்கும் மயிர்களை நினைவு கூருங்கள். தெருநாய் ஒன்றன் முகத்தை வருடும்பொழுது அதன் மீசையைப் பற்றி இழுக்காதீர்கள். தம்பியோ தங்கையோ விளையாட்டாகக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பூனைக்குட்டியை நெருங்கினால், வெருட்டாமல் அருகழைத்து, இப்பாடத்தில் கற்றதை அன்புடன் எடுத்துக் கூறுங்கள். அறியாமையால் நேரும் கொடுமையை அறிவினாலேயே நீக்குதல் கூடும்.